பாண் விற்கப் பரம்பரை எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சியில் ஒரு பேக்கரிக் கண்ணாடியில் ‘வேலைக்கு ஆள் தேவை’ என்று ஒட்டியிருந்தது. என் தங்கச்சியின் மகள் போனாள். கணக்குத் தெரியுமா என்று கேட்கவில்லை. ‘அம்மப்பா எந்த ஊர்?’ என்றார்கள். மலையகத்து ஹட்டன் என்றதும், ‘காசு மேசைக்கு ஆள் எடுத்தாச்சு, பின்னால தட்டுக் கழுவ வரலாம்’ என்றார்கள். அடுத்த கிழமையும் அந்த அறிவித்தல் அப்படியே இருந்தது.

1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து உயிர் தப்பி வன்னிக்கு வந்த குடும்பம் எங்களது. அவளும் அவள் தாயும் இந்த மண்ணில்தான் பிறந்தார்கள்.

கடை, உணவகங்களுக்குள் இனம், சாதி பார்த்து எவரையும் தடுக்கக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 12(3) ஆம் உறுப்புரை. சரி, சாப்பிடப் போகலாம். வேலை கேட்டுப் போகிறவளுக்கும் அந்தப் பாதுகாப்பைச் சட்டத்தில் எழுதுங்கள். அதுவரை வர்த்தகர் சங்கங்களாவது இந்த ஊர்க் கேள்வியை நிறுத்தச் சொல்லட்டும்.

வாசகர்,
கிளிநொச்சி