பயிற்சியில் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள பயிற்றுநர்களுக்கும் உடன் உழைத்த எல்லோருக்கும்,

பேரிடர் காலத்தில் பெண்களுக்குத் தர வேண்டிய மருத்துவ உதவி பற்றிய நம் பயிற்சியின் கடைசி நாள் என்னைப் பேசச் சொன்னபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ள நிவாரண முகாமில் செவிலியராக இருந்தேன். சாப்பாடு வந்தது, போர்வை வந்தது, வயிற்றுப்போக்குக்கு மருந்து வந்தது. மூன்றாம் நாள் ராத்திரி ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தது. தொப்புள்கொடியை வெட்ட ஒரு புது பிளேடு இல்லாமல், டார்ச்சோடு கூடாரம் கூடாரமாக ஓடினேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் இதை யாரும் முன்கூட்டியே ஏன் யோசிக்கவில்லை என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

யோசித்திருக்கிறார்கள் என்று முதல் நாளே சொன்ன பயிற்றுநர் அக்காவுக்கு என் முதல் நன்றி. 1994இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாட்டுக்குப் பிறகு, பல அமைப்புகள் ஒன்றுகூடி வகுத்த ‘குறைந்தபட்ச ஆரம்பச் சேவைத் தொகுப்பு’ பற்றி, அதாவது பிரசவம், பாலியல் வன்முறை போன்றவற்றுக்குப் பேரிடரில் உடனே தர வேண்டிய சேவைகள் பற்றி, அவர்தான் விளக்கினார். பேரிடர் நடந்த 48 மணி நேரத்துக்குள் இந்தச் சேவைகள் தொடங்கிவிட வேண்டும். கணக்கெடுப்பு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ஏனென்றால் பிரசவ வலி காத்திருக்காது. கர்ப்பிணிகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குச் சிக்கல் வரலாம் என்று எடுத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். அப்புறம் அந்தச் சின்னப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்: விரிக்க ஒரு பிளாஸ்டிக் தாள், சோப்பு, கொடியைக் கட்ட நூல், துடைக்கத் துணி, புது பிளேடு. நான் அழுததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

இரண்டாம் நாள் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணாக நடித்த தங்கைக்கு எப்படி நன்றி சொல்வது? நான் திரைகூடப் போடாமல் “என்னம்மா நடந்தது?” என்று கேட்டேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அந்த ஒரு அசைவில் எனக்குப் புரிந்தது, இத்தனை வருஷமாக எத்தனை பேரை இப்படித் திருப்பி அனுப்பியிருப்பேன் என்று. திரும்பத் திரும்ப மூன்று முறை செய்ய வைத்தார்கள். நீ சலிக்கவே இல்லை. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசர கருத்தடைக்கு ஐந்து நாள் வரை அவகாசம் உண்டு, ஆனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உடல் பரிசோதனை வேண்டாம் என்று பாதிக்கப்பட்ட பெண் சொன்னாலும் மருந்தை மறுக்கக் கூடாது. இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கும். அவள் பேசும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பதை உன்னிடம்தான் கற்றேன்.

பிரசவ பொம்மையை இடுப்பில் கட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தாயாகக் கிடந்த அண்ணனுக்கும் நன்றி. நீங்கள் செயற்கை ரத்தத்தைத் திறந்துவிட்ட வேகத்தில் என் கை நடுங்கியது. அந்த நடுக்கம் முகாமில் வராமல் அங்கேயே வந்துபோனது நல்லதுதான். பிறந்து மூச்சு விடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிஷத்துக்குள் காற்றுக் கொடுக்கத் தொடங்க வேண்டும் என்பது, ஒருவர் பக்கத்தில் நின்று நொடிகளை எண்ணும்போதுதான் உறைக்கிறது.

மருந்துக் கிடங்கிலிருந்து வந்த ஐயாவை யாரும் மேடையில் குறிப்பிடவில்லை, அது எனக்கு வருத்தம். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஊசி மருந்தான ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்காவிட்டால் வீரியம் குறைந்துவிடும், மின்சாரம் இல்லாத இடத்தில் அதற்குப் பதிலாக மிசோப்ரோஸ்டால் மாத்திரை கைகொடுக்கும் என்று அரை மணி நேரத்தில் சொல்லித் தந்துவிட்டார். ரத்தப்போக்கில் போராடும் செவிலியருக்குக் கிடங்கிலேயே ஒரு துணை உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

எங்களுக்காக இரட்டை ஷிஃப்ட் பார்த்த தோழிகளே, உங்கள் விடுப்பை நான் திருப்பிக் கொடுப்பேன்.

ஊர் திரும்பியதும் கேட்டு ஓர் அலமாரி வாங்கினோம். மேல் தட்டில் பிரசவப் பொட்டலங்கள், அடுத்ததில் 72 மணி நேர மருந்துகள். சாவி எங்கே இருக்கிறது என்று எந்த ஷிஃப்டிலும் மூன்று பேருக்காவது தெரியும்.

அன்புடன்,
உங்களிடம் பயின்ற ஒரு செவிலியர்