பொம்மைக் கம்பெனிக்கு, பூரி விஷயமாக

டிவியில் சொருகி விளையாடும் நாய்க்குட்டிப் பெட்டியைத் தயாரிப்பவர்களுக்கும் அதை இறக்குமதி செய்து விற்பவர்களுக்கும்,

வணக்கம். உங்கள் பெட்டி எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. மஞ்சள், வெள்ளை வயரை டிவியில் சொருகினால் கூடைக்குள் ஒரு குட்டி வரும். அதற்குப் பெயர் வைத்து, சோறு போட்டு, குளிப்பாட்டி, வித்தை பழக்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் எல்லாம் போய்விடும். இதுவும் உங்களுக்குத் தெரிந்ததுதான், செய்தவர்கள் நீங்கள். எங்களிடம்தான் யாரும் சொல்லவில்லை. குட்டி நாளுக்கு நாள் வளரும் என்று அட்டையில் போட்டிருந்தது. ராத்திரி என்ன ஆகும் என்று போடவில்லை.

என் மகளுக்கு ஏழு வயது. பிறந்தநாளுக்கு அவள் அத்தை வாங்கிக் கொடுத்தது இந்தப் பெட்டி. எங்கள் புது டிவியில் எச்டிஎம்ஐ ஓட்டை மட்டும்தான், மஞ்சள் வயருக்கு இடமே இல்லை. பரணில் என் அம்மாவின் டிவி கிடந்தது. 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த 14 அங்குல டிவி. இறக்கித் தூசி தட்டிப் போட்டேன், படம் பளிச்சென்று வந்தது. ஓசியில் வந்த டிவிக்கு இருக்கும் ஆயுசு, காசு கொடுத்து வாங்கிய நாய்க்கு இல்லை.

பாப்பா அதற்குப் பூரி என்று பெயர் வைத்தாள். அவள் அம்மாவாம், நான் தாத்தாவாம். முதல் ராத்திரி வழக்கம்போல எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் கூடை திரும்ப வந்து, பெயர் என்ன என்று கேட்டது. ஏதாவது தப்பு பட்டனை அழுத்திவிட்டோமோ என்று குழந்தை பயந்துவிட்டாள். இரண்டாம் ராத்திரியும் அதே கதை. விஷயம் அப்போதுதான் புரிந்தது. அதற்கப்புறம் நாங்கள் பெட்டியை அணைக்கவே இல்லை. டிவியை மட்டும் அணைப்போம், பெட்டி செல்போன் சார்ஜரில் ராப்பகலாக ஓடும். தூங்கப் போகும் முன் பாப்பா அதன்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், காய்ச்சல் பார்ப்பது மாதிரி. சூடாக இருந்தால் பூரி இருக்கிறது என்று அர்த்தம்.

இப்படியே ஒன்பது நாள் வளர்த்தோம். பூரிக்குக் கை கொடுக்கத் தெரிந்தது, உருளத் தெரிந்தது, பந்தை எடுத்து வரத் தெரிந்தது. பத்தாம் நாள் எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் மாலை 5 வரை. முதல்நாள் பேப்பரில் பார்த்ததும் பாப்பா கேட்ட முதல் கேள்வி, "பூரி என்னப்பா பண்ணும்?"

நான் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இது ஒரு பிரச்சினையா என்று இறங்கினேன். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பேங்கில் மாட்டலாம் என்றால், மாற்றுகிற அந்த ஒரு நொடியில் குட்டி போய்விடும். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் வயரிலேயே தோலைச் சீவி (5 வோல்ட்தான், பயமில்லை) பவர் பேங்க் வயரை அதன்மேல் முறுக்கி டேப் ஒட்டினேன். பாப்பா டார்ச் பிடித்தாள். பைபாஸ் ஆபரேஷன் முடிந்தது, பூரி பிழைத்தது.

காலை 9 மணிக்குக் கரண்ட் போனது. பவர் பேங்கைத் தயாராக ஆன் செய்து வைத்திருந்தேன். பெட்டியின் சிவப்பு விளக்கு அணையவில்லை. பாப்பா கை தட்டினாள். ஒரு நிமிஷம் இருக்கும், விளக்கு அணைந்தது. பவர் பேங்க் என்பது போனுக்காகச் செய்தது. மாட்டிய சாமான் கொஞ்சமாக மட்டும் கரண்ட் இழுத்தால், போன் சார்ஜ் ஏறிவிட்டது என்று அதுவே முடிவு செய்து படுத்துக்கொள்ளும். உங்கள் பெட்டி இழுப்பது அவ்வளவு கொஞ்சம். தினம் இதே சாமானோடு மாரடிக்கிற எனக்கே அது தோன்றவில்லை.

பாப்பா அழவில்லை. சாயங்காலம் கரண்ட் வந்ததும் டிவி முன்னால் உட்கார்ந்து, பட்டனைத் தட்டித் தட்டி, பி, ஓ, ஓ, ஆர், ஐ என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பெயர் வைத்தாள். புதுக் குட்டியிடம் கை கேட்டாள். அது தலையைச் சாய்த்துப் பார்த்தது, அவ்வளவுதான். ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "இது பூரி இல்லப்பா. பூரி பேரு வெச்ச வேற நாயி."

அன்று ராத்திரி உங்கள் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே ஒரு சின்ன போர்டு, நடுவில் கருப்புத் தார் ஊற்றிய பொட்டு மாதிரி மெயின் சிப். அதன் பக்கத்தில் எட்டுக் கால் சிப் ஒன்று உட்கார இடம் விட்டு, எட்டுப் புள்ளிக்கும் ஈயம் பூசி வைத்திருக்கிறீர்கள். சிப் மட்டும் இல்லை. அந்த இடத்திலிருந்து கோடு எங்கே போகிறது என்று பார்த்தாலே, நினைவு வைக்கும் சிப்புக்கான இடம் என்று என்னைப் போன்ற ஆளுக்குத் தெரிந்துவிடும். ஈப்ராம் என்போம். கரண்ட் போனாலும் மறக்காது. அதில் மிகச் சின்ன ரகங்களில் ஒன்று 256 பைட், ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். பூரி என்ற பெயருக்கு ஐந்து பைட், வயசு, பசி, தெரிந்த வித்தை எல்லாம் சேர்த்தாலும் முக்கால்வாசி சும்மா கிடக்கும். விலை ஒன்றிரண்டு டீக்கு ஆகும் காசு. நீங்கள் லட்சக்கணக்கில் வாங்குகிறவர்கள், அந்த ஒரு டீ கூட ஆகாது. கடையில் இருந்த ஒன்றை நானே ஒட்டிப் பார்த்தேன். பெட்டி அதைக் கண்டுகொள்ளவில்லை. அதில் எழுதச் சொல்லி உள்ளே புரோகிராம் இருந்தால்தானே? ஆக, யாரோ ஒருவர் யோசித்து இடம் விட்டிருக்கிறார், வேறொருவர் கணக்குப் பார்த்து எடுத்துவிட்டிருக்கிறார். முதல் ஆளுக்கு என் நன்றியைச் சொல்லிவிடுங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அணைத்தாலும் குட்டி இருக்கும்படி செய்யுங்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. 1987-ல் அமெரிக்காவில் வந்த செல்டா கேம் கேசட்டுக்குள் ஒரு பட்டன் பேட்டரி வைத்து, விட்ட இடத்தை நினைவு வைக்கச் செய்துவிட்டார்கள். 2005-ல் ஜப்பானில் நின்டெண்டாக்ஸ் என்ற நாய் வளர்க்கும் கேம் வந்தது. அதில் நாயைக் கவனிக்காமல் விட்டால் பசிக்கும், அழுக்காகும், ஆனால் சாகாது. அதற்கும் முன்னால், 1996-ல் பாண்டாய் கம்பெனியின் தமகோச்சி, கையடக்கப் பொம்மைக்குள் வளர்க்கும் பிராணி. அது சாகும்தான். கவனிக்காமல் விட்டதால் சாகும். ஜப்பானில் விற்றதில் கல்லறை காட்டினார்கள், அமெரிக்காவில் விற்றதில் தேவதையாகப் போகும். செத்தது என்றாவது குழந்தைக்குத் தெரிந்தது. உங்கள் பெட்டியில் ஒரு வார்த்தை இல்லை. ஒன்றுமே நடக்காத மாதிரி புதுக் கூடை வந்து சிரிக்கிறது. தமகோச்சியை உருவாக்கிய இரண்டு பேருக்கு, லட்சக்கணக்கான மனித உழைப்பு நேரத்தை இல்லாத பிராணியை வளர்ப்பதில் செலவழிக்க வைத்ததற்காக, 1997-ல் இக் நோபல் என்ற கேலிப் பரிசே கொடுத்தார்கள், பொருளாதாரத்துக்கு! எங்கள் வீட்டு ஒன்பது நாளுக்கும் ஏதாவது பரிசு இருந்தால் சொல்லியனுப்புங்கள்.

2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கூர்முனை இருக்கிறதா, விழுங்கும் அளவு துண்டு உடைந்து விழுமா, ஷாக் அடிக்குமா என்றெல்லாம் சோதிக்கிறார்கள். நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. அணைத்தால் குட்டி மறந்துபோகுமா என்பது அந்தச் சோதனையில் வராது, அவ்வளவுதான். எந்தச் சாமானிலும் ஒரு ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் இப்போது அறிவு வேலை செய்கிறது. கடைக்கு வரும் சார்ஜரைக் கழற்றினால் பாதி உறுப்பு இருக்காது, இயர்போன் வயர் மூன்று மாதத்தில் அறுகிறது, பேட்டரியை ஒட்டவைத்து வைத்திருக்கிறான், அதைப் பிரிக்க நான் அரைமணி நேரம் ஹீட்டர் காட்ட வேண்டும். சரி, அந்தக் கோபத்தை உங்கள்மேல் கொட்டக் கூடாது. கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

அடுத்த தயாரிப்பில் அந்த எட்டுக் கால் சிப்பைத் தயவுசெய்து வைத்துவிடுங்கள். அதற்கும் கணக்கு இடிக்கிறது என்றால் இன்னொரு வழி இருக்கிறது, ஒரு பைசா செலவில்லை. அந்தக் காலக் கேசட் கேம்கள் சிலவற்றில், நிறுத்தும்போது திரையில் ஒரு குறியெண் வரும். நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதை அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். அதையாவது கொடுங்கள். நோட்டு எங்கள் செலவு. பாப்பா ஏற்கெனவே ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறாள்: "பூரி. வயசு 9 நாள். கை கொடுக்கும். உருளும். பந்து எடுக்கும். கேரட் பிடிக்காது." இவ்வளவுதான் உங்கள் பெட்டி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது.

ஏற்கெனவே விற்ற பெட்டிகளுக்கும் ஏதாவது வழி செய்ய முடியுமா என்று பாருங்கள். புரோகிராமை மட்டும் நீங்கள் மாற்றிக் கொடுத்தால் சிப்பை ஒட்டும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் இதே பெட்டி இருக்கிறது, கூலி வேண்டாம்.

அணைத்தாலும் குட்டி இருக்கும்படி செய்யுங்கள். அடுத்த மாதமும் மின்தடை வரும்.

இப்படிக்கு,
பூரியின் தாத்தா