மொக்குப்புழுவைக் காணவில்லை: மென்பொருள் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் உழவர் உதவி மையத்தில் அழைப்பவர்களுக்குப் பதில் சொல்ல நாங்கள் பார்க்கும் கட்டுரைத் தொகுப்பை, அதாவது அறிவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிய குழுவினருக்கு,

வணக்கம்.

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மல்லிகை மொக்குகள் ஊதா நிறமாகி உதிர்கின்றன என்று பூப்பறிக்கும் பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். தோட்டக்காரர் ஒரு மொக்கைப் பிளந்து பார்த்தால் உள்ளே புழு. "அண்ணே, போன வருடம் நீங்கள் சொன்ன மருந்தையே அடிக்கலாமா?" என்று கேட்டார். தேடல் பெட்டியில் மொக்குப்புழு என்று தட்டினேன். முடிவு எதுவும் இல்லை என்று திரை சொன்னது. மதுரையில் உட்கார்ந்துகொண்டு மல்லிகை விவசாயியிடம் மொக்குப்புழு தெரியாது என்பது, சித்திரை வீதியில் நின்றுகொண்டு மீனாட்சி கோயில் எங்கே இருக்கிறது என்று கேட்பது மாதிரி.

எனக்கு நினைவில் இருந்ததால் பதில் சொல்லிவிட்டேன். பக்கத்து இருக்கையில் இருப்பவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அந்த அழைப்பு அவருக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சனிக்கிழமை இரவு நீங்கள் அனுப்பிய செய்தி இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. "இடமாற்றம் வெற்றி. பழைய தளத்திலும் புதிய தளத்திலும் கட்டுரை எண்ணிக்கை ஒன்றே." பொய் இல்லை, நானும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கூடையை மட்டும் எண்ணி யாரும் பணம் கொடுப்பதில்லை. கையை விட்டுப் பார்ப்பார்கள்.

நானும் திங்கட்கிழமை மதியம் கையை விட்டுப் பார்த்தேன். மொக்குப்புழுக் கட்டுரை தொலைந்துபோகவில்லை. பட்டியலில் உருட்டிக்கொண்டே போனால் பத்திரமாக இருக்கிறது, தேடினால்தான் கிடைக்கவில்லை. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் மேலமாசி வீதிப் பக்கம் ஒரு டிடிபி மையத்தில் பல ஆண்டுகள் தமிழ் தட்டச்சு செய்தவன் நான். எழுத்து விஷயத்தில் எனக்கு இயல்பாகவே சந்தேகப் புத்தி உண்டு. தேடல் பெட்டியில் 'மொ' என்று தட்டி, அழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினேன். 'ம' மிஞ்சியது. கட்டுரையைத் திருத்தும் பக்கத்துக்குப் போய், அங்கே இருந்த 'மொ'வின் பின்னால் வைத்து ஒருமுறை அழுத்தினேன். 'மெ' மிஞ்சியது.

விஷயம் இவ்வளவுதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் பொதுக் குறியீடு தரும் யூனிகோடில் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதி வைக்கலாம். ஒரே குறியீடாகவும் வைக்கலாம், எகரக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல். எங்கள் பழைய கட்டுரைகள் பல அதற்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டப்பட்டு, பிறகு மாற்றி என்ற சிறு மென்பொருள் மூலம் யூனிகோடுக்கு வந்தவை. அந்த மாற்றி கொம்பையும் காலையும் தனித்தனியாகவே போட்டுவிட்டது. பழைய மென்பொருள் தேடும்போது இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்துக்கொண்டது, அதனால் இத்தனை காலம் யாருக்கும் தெரியவில்லை. புதியது அப்படிச் செய்வதில்லை. பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற சீர்படுத்தும் முறையைக் கட்டுரைகள் மீதும் தேடும் சொல் மீதும் ஓட்டி, எந்தச் சொல் எந்தக் கட்டுரையில் என்று கணினி குறித்து வைத்திருக்கும் தேடல் அட்டவணையை மறுபடி கட்டினால் இது தீர்ந்துவிடும். தேடல் அட்டவணையை மட்டும் புதுப்பித்துப் பார்த்ததாகச் சொன்னீர்கள். எழுத்தைச் சீர்படுத்தாமல் அதை எத்தனை முறை புதுப்பித்தாலும் பலன் இருக்காது.

இணைப்புகளாக இருந்த பிடிஎஃப் கோப்புகளிலிருந்து எழுத்தை உருவிக் கட்டுரைக்குள் போட்டிருக்கிறீர்களே, அது இன்னொரு கூத்து. கோப்பில் கண்ணுக்குத் தெரிந்த வரிசையிலேயே குறிகள் வந்து விழுந்திருக்கின்றன. 'நெல்' எல்லாம் 'ெநல்' ஆகிவிட்டது. 'மதுரை' என்று தேடினால் அந்தப் பக்கங்கள் ஒன்றும் வராது, ஏனென்றால் அங்கே இருப்பது 'மதுைர'. ஊர்ப் பெயரையாவது ஒருமுறை தேடிப் பார்த்திருக்கலாம்.

இவை எரிச்சல் தருபவை, அவ்வளவுதான். என்னைப் பயமுறுத்தியது கத்தரி அட்டவணை.

தண்டு, காய் துளைப்பானுக்கான அட்டவணை அது. முதல் பத்தியில் பூச்சியின் பெயர், அடுத்து மருந்து, அடுத்து பத்து லிட்டர் தண்ணீருக்கு எத்தனை மில்லி, கடைசியில் தெளித்த பிறகு காய் பறிக்காமல் காத்திருக்க வேண்டிய நாட்கள். ஒரே பூச்சிக்கு இரண்டு மருந்துகள் இருந்ததால், பூச்சியின் பெயரை ஒருமுறை மட்டும் எழுதி அந்தக் கட்டத்தை இரண்டு வரிசைகளுக்கும் பொதுவாக நீட்டியிருந்தோம். இடமாற்றத்தில் அந்த நீட்டல் போய்விட்டது. அதனால் இரண்டாவது வரிசை முழுவதும் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. பூச்சியின் இடத்தில் மருந்து, மருந்தின் இடத்தில் அளவு. மில்லி என்று தலைப்பிட்ட பத்தியில் 7 என்று நிற்கிறது. அந்த ஏழு, காத்திருக்க வேண்டிய நாள். காலை ஆறு மணிக்கு, வரிசையில் நான்கு அழைப்புகள் காத்திருக்கும்போது, அதை ஏழு மில்லி என்று படித்துச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்தப் பக்கத்தை அன்றே மறைத்துவிட்டேன். இதைப் போல இணைத்த கட்டங்கள் கொண்ட அட்டவணைகள் இன்னும் எத்தனை இருக்கின்றன என்பதை நீங்கள்தான் நிரல் எழுதித் தேடித் தர வேண்டும். கண்ணால் தேடி முடியாது.

அடுத்தது இறந்தவர்கள் எழுந்து வந்த கதை. எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியை உச்ச நீதிமன்றம் 2011 மே மாதம் தடை செய்தது. அதைப் பரிந்துரைத்த எங்கள் பழைய கட்டுரைகளை நாங்கள் அழிக்கவில்லை. எந்த ஆண்டில் யாருக்கு என்ன சொன்னோம் என்பதற்குச் சான்றாக, காப்பகம் என்று குறியிட்டுத் தேடலில் வராமல் வைத்திருந்தோம். பழைய மென்பொருளில் வரைவு, வெளியீடு, காப்பகம் என்று மூன்று நிலைகள். புதியதில் வரைவும் வெளியீடும் மட்டும்தான். வேறு இடம் இல்லாததால் காப்பகம் முழுவதும் வெளியீட்டுக்குள் வந்து விழுந்திருக்கிறது. போதாக்குறைக்கு, எல்லாக் கட்டுரைகளுக்கும் திருத்திய தேதி என்று அந்தச் சனிக்கிழமையே பதிவாகியிருக்கிறது. ஆக, தடை செய்யப்பட்ட மருந்தைச் சொல்லும் கட்டுரை, நேற்று சரிபார்த்தது போன்ற முகத்தோடு எங்கள் முன்னால் நிற்கிறது. எந்த நிலை எந்த நிலையாக மாற வேண்டும் என்று எங்களில் ஒருவரிடம் கேட்டிருந்தால் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் சொல்லியிருப்போம்.

முகவரிகளைப் பற்றியும் சுருக்கமாக. பழைய தளத்தில் கட்டுரைக்கு எண் இருந்தது. அந்த எண் கொண்ட சுட்டிகளைத்தான் இத்தனை ஆண்டுகளாக விவசாயிகளின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினோம். இப்போது அவை ஒன்றும் திறப்பதில்லை. புதிய முகவரி தலைப்பிலிருந்து உருவாகிறது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் முகவரியில் ஒன்பது எழுத்துகளாக விரியும். 'மதுரை' என்ற சின்னப் பெயரே, உகரக் குறியையும் ஐகாரக் குறியையும் கணினி தனித்தனியாக எண்ணுவதால், ஐந்து குறிகள், ஆக நாற்பத்தைந்து. வேர்ட்பிரஸ் என்ற வலைத்தள மென்பொருளில் இந்த இடத்துக்கு 200 எழுத்துகள்தான் ஒதுக்கீடு. உங்கள் மென்பொருளிலும் அப்படி ஏதோ ஓர் எல்லை இருக்கிறது போலும், நீளமான தலைப்புகள் பாதியில் வெட்டுப்பட்டிருக்கின்றன. எண்ணையே முகவரியாக வைத்துக்கொள்ளுங்கள், பழைய சுட்டிகளுக்கு நிரந்தரத் திசைமாற்றம் போடுங்கள்.

மேம்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன மென்பொருளில் எத்தனை நாள் ஓட்டுவது? நீங்கள் இரவெல்லாம் விழித்திருந்ததும், தொடங்கும் முன் முழுப் பிரதி எடுத்து வைத்ததும் எனக்குத் தெரியும். அந்தப் பிரதி இருக்கும் துணிவில்தான் இந்த மடலை இவ்வளவு நிதானமாக எழுதுகிறேன். ஆனால் பல பதிப்புகளை ஒரே தாவலில் தாண்டியது சரியில்லை. விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கி மென்பொருளைப் பாருங்கள். மிகப் பழைய பதிப்பிலிருந்து இன்றைய பதிப்புக்கு நேராக வர முடியாது, முதலில் 1.35க்கு ஏறி அங்கிருந்துதான் மேலே போக வேண்டும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். நமது மென்பொருளுக்கும் அப்படிப் படிகள் உண்டா என்று பார்த்தீர்களா?

நான் கேட்பது இது. அந்தப் பிரதியிலிருந்து பழைய தளத்தை, படிக்க மட்டும் முடிகிற மாதிரி, நாளைக்கே எங்களுக்குத் திறந்துவிடுங்கள். அழைப்பவர்களுக்கு அதைப் பார்த்துப் பதில் சொல்கிறோம். புதிய தளத்தைப் பூட்டிவிட்டு, வேறொரு கணினியில் ஒத்திகையாக இடமாற்றத்தை முதலிலிருந்து செய்யுங்கள். அதைச் சரிபார்க்கும் வேலையை எங்களிடம் விடுங்கள். எங்கள் அழைப்புப் பதிவேட்டில் போன மாதம் விவசாயிகள் கேட்ட கேள்விகள் அவர்கள் சொன்ன சொற்களிலேயே இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்போம். விடை வராத கேள்வி ஒன்று இருந்தாலும் "வெற்றி" என்று செய்தி அனுப்ப வேண்டாம்.

பூப்பறிப்பு முடிந்து மூட்டைகள் மார்க்கெட்டுக்குப் போய்விட்டால், பதினோரு மணிக்கு மேல் அழைப்புகள் குறையும். புதன்கிழமை அந்த நேரத்துக்கு உங்களில் ஒருவர் வாருங்கள். பதிவேட்டையும், நான் இதுவரை குறித்து வைத்திருக்கும் பிழைகளையும் மேசை மேல் எடுத்து வைத்திருப்பேன். அழிப்பு விசை வேலை செய்யும் விசைப்பலகை ஒன்று மட்டும் கொண்டு வாருங்கள், என்னுடையது இந்த இரண்டு நாளில் தேய்ந்துவிட்டது.

இப்படிக்கு,
உதவி மையத்தில் காலை நேர அழைப்புகளை எடுப்பவன்,
மதுரை