மலையேறும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் பழையபடிதான். பொங்கலுக்குப் பிறகு உன் குரலையே கேட்கவில்லை. சித்திக்கு மட்டும் மெசேஜ் போகிறதாம்.

நீ அனுப்பிய படத்தைப் பிரிண்ட் போட்டு, வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறேன். பூட்ஸின் அடியில் இரும்பு முள், இடுப்பில் கயிறு. நம் குடும்பத்தில் ஏற்காட்டைத் தாண்டி மலையேறியவர் யார்? கயிற்றின் மறுமுனையை நீல உறை போட்ட ஒரு கை பிடித்திருக்கிறது. ஆள் படத்தில் இல்லை. கயிறு இல்லாமல் ஏறாதே.

நியூசிலாந்தில் நீ இருக்கும் ஊரைப் பற்றிப் படித்தேன். 1865இல் யூலியஸ் ஃபான் ஹாஸ்ட் என்ற ஜெர்மன் நிலவியலாளர் நீ ஏறும் பனியாற்றுக்கு ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்பின் பெயரை வைத்தாராம். பேரரசர் நியூசிலாந்துப் பக்கமே வந்ததில்லை! அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் சொல்லும் பெயர் 'கா ரோய்மாட்டா ஓ ஹினே ஹுகாட்டெரே', ஹினே ஹுகாட்டெரேயின் கண்ணீர். 1998இல் ங்காய் தாஹு என்ற மாவோரி இனத்தாரோடு அரசு செய்த உடன்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் இரண்டும் சேர்ந்து அதிகாரப்பூர்வப் பெயராயின.

அவர்கள் கதையில் வரும் ஹினே என்ற அந்தப் பெண்ணுக்கும் மலை என்றால் உயிர். காதலன் வாவேயை வற்புறுத்திக் கூட அழைத்துப் போனாள். அவன் அவ்வளவு பழகியவன் இல்லை. பனிச்சரிவு அவனை அடித்துக்கொண்டு போனது. அவள் அழுத கண்ணீர் உறைந்ததுதான் நீ நடக்கும் பனி. அவன் கிடக்கும் படுக்கை பக்கத்திலுள்ள ஃபாக்ஸ் பனியாறாம். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சோறு இறங்காது.

உன் கயிற்றைப் பிடிக்கிறவர் பழகியவர்தானே? அதை மட்டும்தான் கேட்கிறேன்.

2019 மார்ச் மழையில் உன் ஊர் வைஹோ ஆறு நெடுஞ்சாலைப் பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போயிருக்கிறது. டாஸ்மன் கடல் 20 கிலோமீட்டர் தொலைவில்தான். ஈரக்காற்று மலையில் முட்டிக் கொட்டுகிற மழை அது. மேகம் இறங்கினால் பனிக்கு ஏற்றி இறக்கும் ஹெலிகாப்டர் பறக்காது. அப்படிப்பட்ட நாளில் மேலே போகாதே, சம்பளம் போனால் போகட்டும். கயிற்றின் முடிச்சை நீயே இன்னொரு முறை இழுத்துப் பார்.

பணம் அனுப்ப வேண்டாம், போன் செய். உனக்கு விடியும்போது இங்கே நள்ளிரவு என்று தயங்காதே. நாங்கள் விழித்துத்தான் இருக்கிறோம். ஊருக்கு வரும்போது யாரையாவது உடன் அழைத்து வருவதானாலும் தாராளமாக அழைத்து வா. மாடி அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா