எங்கள் ஊர் கிளினிக் டாக்டர்களுக்கு: கால் மரத்துப்போனாலே இனிப்புநீர்தானா?

வணக்கம் டாக்டர். சண்டை போட எழுதவில்லை, அந்தக் கோபமெல்லாம் போன வருஷமே ஆறிவிட்டது.

அப்பா பேராக்கில் நாற்பது வருஷம் பால்மரம் சீவியவர். விடியற்காலை இருட்டில் எந்த வேர் எங்கே இருக்கிறதென்று அவர் பாதத்துக்கே தெரியும். அந்தக் காலிலிருந்து சிலிப்பர் கழன்றதுகூடத் தெரியாமல் ஒருநாள் கோயிலிலிருந்து வீடு வரை நடந்து வந்தார், நாங்கள் சிரித்தோம். அப்புறம் முகம் கழுவக் கண்ணை மூடினாலே தள்ளாட்டம், தேத்தண்ணிக் கோப்பை பிடித்தால் கை நடுக்கம். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "இனிப்புநீர், அப்படித்தான் இருக்கும்." இத்தனைக்கும் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.3-ஐத் தாண்டியதே இல்லை. இரண்டு வருஷம் இப்படியே போய்விட்டது.

பெரிய ஆஸ்பத்திரி நரம்பு டாக்டர்தான் புரோட்டீன் எலக்ட்ரோபோரசிஸ் என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். எலும்பு மஜ்ஜையில் ஆன்டிபாடி செய்யும் செல்களில் ஒரு கூட்டம் மட்டும் பெருகி, ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே ஆன்டிபாடியைக் கொட்டிக்கொண்டிருந்ததாம். கிருமியைப் பிடிக்க வேண்டிய அது, நரம்பின் மேலுறையில் இருக்கும் மேக் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டது. நீளமான நரம்புதான் முதலில் அடி வாங்கும், அதனால் பாதத்தில் ஆரம்பம்.

50 வயதுக்கு மேல் நூற்றில் ஏறக்குறைய 3 பேருக்கு இப்படி ஒரே அச்சு ஆன்டிபாடிப் புரதம் ரத்தத்தில் இருக்கும், பெரும்பாலோருக்கு அது சும்மா கிடக்கும், வருஷத்துக்கு 1 சதவீதம் பேருக்குத்தான் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் மாதிரி நோயாக மாறும். சரி, அதனால் எல்லோருக்கும் இதை எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் மரப்பு ஏறிக்கொண்டே போகிறது, தள்ளாட்டமும் சேர்கிறது என்றால் பி12 வைட்டமின் பாருங்கள் (சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் அதுவும் குறையும்), கூடவே இந்தப் பரிசோதனையையும் எழுதுங்கள். சின்ன அளவு அதில் தப்பிவிடும், அதைவிட நுணுக்கமாகப் பார்க்கும் இம்யூனோஃபிக்சேஷன் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். எடை இறங்கி, கால் வீங்கி, நாக்கும் தடித்தால் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். புரதம் உறுப்புகளில் போய்ப் படியும் அமிலாய்டு நோயாக இருக்கலாம், அது இதயத்தையும் பிடிக்கும்.

அப்பாவுக்கு, அந்த ஆன்டிபாடி செய்யும் செல்களைக் குறைக்க ரிதுக்சிமாப் என்ற மருந்தை ஏற்றினார்கள். எல்லோருக்கும் கேட்கிற மருந்து இல்லை அது. நடுக்கம் குறைந்தது, பாதத்து உணர்ச்சி திரும்பவில்லை.

அடுத்த மாதம் பிரஷர் மாத்திரைக்கு உங்களிடம்தான் வருவார். செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் யாராவது பிடித்துக்கொள்ள இருக்கட்டும். அவருக்குப் பின்னால் நம்பர் எடுத்து உட்கார்ந்திருக்கும் தோட்டத்து ஆட்களையும் அப்படியே.