தேரோட்டம் வரை காத்திருக்காதே

பாளையங்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

ஆனித் தேரோட்டத்துக்கு வரும்போது ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாய். வேண்டாம்மா. தேர் நிலைக்கு வருவதற்குள் உனக்கு 14 வாரம் தாண்டிவிடும். பிள்ளையின் பிடரியில் நிற்கும் நீரை அளக்கும் என்டி ஸ்கேனுக்கு 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரைதான் கணக்கு. பிள்ளையின் நீளம், உச்சியிலிருந்து புட்டம் வரை, 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சென்னையிலேயே எடுத்துவிடு.

முழு உருவமாகக் காட்டும் 3டி ஸ்கேனில், டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறு தெளிவாகத் தெரியும் என்று யாரோ சொன்னார்களாம். எந்த ஸ்கேனிலும் குரோமோசோம் தெரியாது. பிடரித் தோலுக்கடியில் நிற்கும் நீரின் கனத்தை அளப்பார்கள், மூக்கெலும்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உன் வயதையும், டபுள் மார்க்கர் என்கிற ரத்தப் பரிசோதனை அளவுகளையும் அதோடு சேர்த்தால், இத்தனை பேரில் ஒருவருக்கு என்று ஒரு கணக்கு வரும். அவ்வளவுதான்.

அந்த நீரை அளக்கத் தட்டையான சாதாரண 2டி படம்தான் நல்லது. பிள்ளை நேர் பக்கவாட்டில் தெரிய வேண்டும். தலையும் மேல்நெஞ்சும் திரையை நிறைக்க வேண்டும். தலை அண்ணாந்திருந்தால் அளவு 0.6 மி.மீ. வரை கூடிவிடும், குனிந்திருந்தால் 0.4 வரை குறையும். முதுகு பனிக்குடச் சவ்வில் ஒட்டிக் கிடந்தால் சவ்வையே தோல் என்று அளந்துவிட வாய்ப்புண்டு, பிள்ளை புரளும் வரை பொறுக்க வேண்டியதுதான். கொஞ்சம் நடந்துவிட்டு வா என்றால் சலித்துக்கொள்ளாதே.

வயிற்றில் வைக்கும் 3டி கருவி (புரோப்) ஒரே வீச்சில் முழு உருவத்தையும் பிடித்துவைக்கும். வேண்டிய கோணத்தைப் பிறகு திருப்பி எடுக்கலாம். ஆனால் அப்படி எடுத்த படத்தில் கூர்மை குறைந்து கோடு தடித்துப்போகும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் பார்க்கும் வேலைக்கு அது ஆகாது. வீச்சின்போது பிள்ளை உதைத்தால் படமே நெளிந்துவிடும். அதன் உபயோகம் வேறு. மூக்கெலும்பு இரண்டு, நடுவில் சின்ன இடைவெளி. 2டி படம் சரியாக அந்த இடைவெளியில் விழுந்தால் எலும்பே இல்லாததுபோலிருக்கும், அந்தக் குழப்பத்தை 3டி தீர்க்கும். 18-20 வார ஸ்கேனில் உதட்டுப் பிளவு, முதுகெலும்பு பார்க்கவும் கைகொடுக்கும். முகம் பார்க்கிற ஆசைக்கென்றால் 26 வாரத்துக்கு மேல் எடு. இப்போது சதைப்பிடிப்பே இருக்காது, மாப்பிள்ளை பயந்துபோவார்.

அத்தை மகனைக் கட்டியதால் ஏதும் வருமோ என்று ஆச்சி புலம்புகிறாள். டவுன் சிண்ட்ரோமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது தாயின் வயதோடு கூடுவது. உன் 35 வயதில் சுமார் 350-ல் 1. சொந்தத்தில் கட்டினால் கூடுவது, இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே மரபணுக் குறை பிள்ளையிடம் சேர்ந்து வரும் நோய்கள். அவை டபுள் மார்க்கரில் அகப்படாது. அதற்குத் தனியாக மரபணு ஆலோசனை கேள்.

உன் ரிப்போர்ட்டில் கணக்கு 250-ல் 1 என்று வந்தாலும் 249 பேருக்கு ஒன்றுமில்லை. அடுத்து, உன் ரத்தத்தில் கலந்திருக்கும் பிள்ளையின் டிஎன்ஏவைப் பார்க்கும் என்ஐபிடி எடுக்கலாம், அதுவும் சலித்துப் பார்க்கும் சல்லடைதான், உறுதி சொல்லாது. உறுதிக்கு 16 வாரத்தில் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். என்டி 3.5 மி.மீ.க்கு மேல் போனால் என்ஐபிடியோடு நிற்காதே, பிள்ளையின் இதயத்தையும் பார்க்கச் சொல்.

டபுள் மார்க்கருக்கு ரத்தம் கொடுக்கும்போது நிரப்பும் தாளில் அன்றைய எடையைச் சரியாக எழுது, தப்பானால் கணக்கே மாறும். ஸ்கேனுக்குச் சட்டப்படி நிரப்பும் ஃபார்ம் எஃப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், ஆணா பெண்ணா என்று அறிய விரும்பவில்லை என்பதற்கு. ரிப்போர்ட் வந்ததும் முடிவை மட்டும் அனுப்பாமல், நீளம், என்டி, எடை எல்லாம் தெரிகிற மாதிரி முழுப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு.

அம்மா