தட்டுக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயரையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்கிறவன். முக்கால் ஏக்கர் படிக்கட்டு நிலம். அப்பா காலத்திலிருந்து பூண்டுதான், இடையில் கேரட்டும் உருளைக்கிழங்கும். உங்கள் பத்திரிகையை வருஷக்கணக்கில் படித்து வந்தாலும் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஐப்பசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் லீவுக்கு வந்திருந்தாள். எங்கள் கல்யாண நாளுக்காகக் கொடைக்கானல் டவுனில் ஒரு சின்ன உணவகத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்துப் போனாள். ஆறே மேசைகள். வெளியே விடாத மழை. "அப்பா, இங்கே மீல்ஸ் கிடையாது. சின்னச் சின்னத் தட்டா ஒவ்வொண்ணா வரும், நடுவுல வெச்சு எல்லாரும் எடுத்துக்கணும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். என் மனைவிக்கு அது ஒப்பவில்லை. இலை போட்டு, சோறு வைத்து, கேட்டுக் கேட்டுப் பரிமாறினால்தான் அவளுக்குச் சாப்பாடு.

முதலில் சௌசௌ கொடியின் இளந்தளிர் வந்தது. நல்லெண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டி, வறுத்த எள்ளைத் தூவியிருந்தார்கள். என் மைத்துனர் பண்ணைக்காட்டில் சௌசௌ பந்தல் போட்டிருக்கிறார். காயைப் பறித்து மூட்டை கட்டி அனுப்புவதோடு சரி, கழித்த தளிர் மாட்டுக்குப் போகும். இதை இப்படியும் தின்னலாம் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. அடுத்தது பட்டர்ஃப்ரூட்டில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்தது. நன்றாகவே இருந்தது.

மூன்றாவதாகப் பூண்டு வந்தது. கையகல மண்தட்டில் இரண்டு முழுப் பூண்டு. தோலோடு விறகுக் கங்கில் வெந்து, வெளித்தோல் கருகி, உள்தோல் தேன் நிறத்தில் இருந்தது. தலைப்பக்கம் கத்தியால் ஒரு சீவு. பக்கத்தில் ஒரு உருண்டை வெண்ணெய், கேழ்வரகு ரொட்டி நான்கு துண்டு. பல்லின் அடியைப் பிடித்து அழுத்தியதும் உள்ளே இருந்தது கூழாக ரொட்டியில் இறங்கியது. என் மனைவி ஒரு வாய் வைத்தவள், மெல்லாமல் அப்படியே நிறுத்தினாள். "ஏங்க, இது புகையில தொங்கின பூண்டு" என்றாள்.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பூண்டு வருஷத்துக்கு இரண்டு போகம். வைகாசியை ஒட்டி ஒரு நடவு, ஐப்பசி கார்த்திகையில் ஒரு நடவு. பிடுங்கிய பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே உத்தரத்தில் தொங்கவிடுவோம். விறகுப் புகை ஏற ஏறத் தோல் இறுகும், காரமும் கூடும். அப்படி வைத்தால் பல மாதம் கெடாது. பிள்ளை பெற்ற வீட்டிலிருந்து லேகியத்துக்கென்று தேடி வந்து வாங்கிப் போவார்கள். அந்தப் புகை வாசனை எங்கள் வீட்டுத் துணிகளில்கூட இருக்கும். வெள்ளைத் துணி விரித்த மேசையில் அதே வாசனை வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சமைத்த பெண்ணைப் பார்க்க முடியுமா என்று மகள் கேட்டாள். அவர் எங்கள் மேல்மலையிலேயே கவுஞ்சி ஊர்க்காரர், இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மேல்மலை ஆட்களிடம் நேராக வாங்குகிறாராம், சந்தை விலைக்கு மேல் கிலோவுக்கு 50 ரூபாய் போட்டு. "புகை ஏறாத பூண்டை வாங்க மாட்டேன் ஐயா, ஈரப் பூண்டு கங்குல வெடிச்சிரும்" என்றார். சுவரில் இருந்த கரும்பலகையைக் காட்டினார். உள்ளே வரும்போது நான் அதைக் கவனிக்கவில்லை. பூண்டு – பூம்பாறை. கேரட் – மன்னவனூர். சௌசௌ – பண்ணைக்காடு. மலைவாழை – தாண்டிக்குடி. சாக்கட்டியில், கை எழுத்தில். பூம்பாறையைத் தேடி வருகிறவர்கள் குழந்தை வேலப்பர் கோயிலையும் படிக்கட்டு வயலையும் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். அங்கே விளைந்ததன் பெயரோடு ஊர்ப் பெயரைச் சேர்த்து ஒரு கடையில் எழுதி நான் அன்றுதான் பார்த்தேன்.

குறையையும் சொல்ல வேண்டும். மரத்தக்காளியைப் பாலேட்டோடு சேர்த்து வைத்த தட்டு சரியில்லை, புளிப்பும் பாலும் ஒட்டவே இல்லை. விலையும் அதிகம். பூண்டுத் தட்டு 220 ரூபாய். ஒரு கிலோவில் நாற்பது பூண்டு வரை நிற்கும், அதாவது இருபது தட்டு. விறகு, வாடகை, வேலையாட்கள் சம்பளம் எல்லாம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மகள் அழைத்துப் போகாவிட்டால் என்னைப் போன்றவர்கள் அந்தப் படியேற முடியாது. கூட்டமில்லாத ஒரு வார நாளிலாவது உள்ளூர்க்காரர்களுக்கு விலையைக் குறைத்தால் விளைவித்தவர்களும் வந்து சாப்பிடுவோம்.

கடைசித் தட்டு மலைவாழை. சின்னப் பழம், நெய்யில் புரட்டி, கற்கண்டும் ஏலக்காயும். முடிக்கொத்து நோய் வந்து கீழ்மலையில் எத்தனையோ தோட்டங்கள் அழிந்துபோன பழம் அது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போனதும் அதுதான். என் மனைவி இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு, அதாவது இந்த மண்ணுக்கே உரிய பொருள் என்ற அரசு அங்கீகாரம், கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் அதே வருஷம்தான். ஆனால் போன வருஷம் அடிவாரத்தில் ஒரு கடையில், எங்கிருந்தோ வந்த பெரிய வெள்ளைப் பூண்டை மலைப்பூண்டு என்று சொல்லி என்னிடமே விற்கப் பார்த்தார்கள். கிள்ளினால் வாசனையே இல்லை. குறியீடு கையில் இருந்தும், வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் எங்களுக்கு என்ன கிடைக்கும்?

2024 மே மாதத்திலிருந்து வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் மலையேறுகின்றன. அத்தனை பேரும் இங்கே சாப்பிடுகிறார்கள். எங்கள் கேரட்டோ லாரியில் மலையடிவாரத்து ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு இறங்குகிறது. டவுனில் பல ஓட்டல்களுக்குக் காய்கறி அதே சந்தையிலிருந்துதான் திரும்ப மேலே வருகிறது. இரண்டு பக்கமும் லாரி வாடகை. ஏரியைச் சுற்றியுள்ள ஓட்டல்காரர்களும் தங்கும் விடுதிக்காரர்களும் மெனுவில் ஒரே ஒரு பதார்த்தத்தையாவது மலையில் விளைந்ததை வைத்துச் செய்யட்டும். பக்கத்தில் அந்த ஊரின் பெயரை எழுதட்டும். தோட்டக்கலைத் துறை, விரும்புகிற ஓட்டல்களின் பட்டியலை எங்கள் கிராமங்களுக்குக் கொடுத்தால் நாங்களே நேரில் போய்ப் பேசிக்கொள்வோம். சின்னத் தட்டு போடுகிற கடைகளுக்கு இது இன்னும் சுலபம், வாரத்துக்கு இரண்டு கிலோ போதும். அந்த இரண்டு கிலோவுக்கு என்னைப் போன்ற சின்ன விவசாயி போதும், வியாபாரி வேண்டியதில்லை.

இந்தப் போகத்து நடவு முடிந்துவிட்டது. மாசி, பங்குனியில் பிடுங்குவோம். சமைக்கிறவர்கள் யாராவது பூம்பாறைக்கு வந்தால், அடுப்புக்கு மேலே தொங்கும் பூண்டுக் கட்டுகளில் அவர்களே கை வைத்துப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பூண்டு விவசாயி,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்,
திண்டுக்கல் மாவட்டம்.